படகுக்குப் பெட்டரி பூட்டப் போனவள்

யோகேஸ்வரன் முதலாளி போனில் சொன்னது கொஞ்சம்தான். "போட்டுல பெட்டரி செத்துப்போச்சு தங்கச்சி. புதுசு வாங்கி வச்சிட்டேன். நீங்க வந்து வயரப் போட்டுப் பூட்டிக் குடுத்தா சரி. ரெண்டு மணித்தியால வேல."

வினோதா ஹட்டனில் ஒரு ரோட்டு வளைவில் பெட்டரிக் கடை வைத்திருந்தாள். லொறி, பஸ், ஆட்டோ எல்லாம் அவளிடம் வரும். படகு வந்ததில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தான் ஏறியிருப்பது படகா லொறியா என்று தெரியவா போகிறது? தடித்த செம்பு வயர் இரண்டு சுருள், முனைகளில் அடிக்கிற லக்குகள், அவற்றை நசுக்கிப் பிடிக்கிற கருவி, பெட்டரியை இறுக்கிக் கட்டப் பட்டி, ஒரு மெயின் சுவிட்ச். எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டாள்.

"பாத்து," என்றான் கடை வாசலில் நின்ற நிரஞ்சன். அவள் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் சார்ஜில் கிடந்த லொறிப் பெட்டரி ஒன்றின் கிளிப்பை, சுவிட்சை அணைக்காமல் அவன் இழுத்தான். பொறி ஒன்று தெறித்தது. பெட்டரி வெடித்து அசிட் முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. அதற்குப் பிறகுதான் கடை வேலை முழுக்க வினோதாவின் கைக்கு வந்தது. அவன் "பாத்து" என்று சொல்கிறபோது அது வெறும் சொல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

டேமுக்குப் போகிற பழைய தார் ரோடு தேயிலைக்குள்ளே வளைந்து வளைந்து இறங்கிக் கடைசியில் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். டேம் கட்டுவதற்கு முன்னால் அது மறுகரைக்குப் போன ரோடு. இப்போது தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தைத்தான் படகுத்துறையாக வைத்திருந்தார்கள். மறுகரையில் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் லயங்கள், தொழிலாளர் வீட்டு வரிசைகள். அங்கே போக மலையைச் சுற்றி ஒரு பாதை இருந்தது. போன கார்த்திகை மழையில் அது சரிந்துபோனது. இப்போது அந்தச் சரிவைத் தாண்டி நடந்தால் நாலு மணித்தியாலம். படகில் வந்தால் பத்து நிமிஷம். நுவரெலியாவில் மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்த யோகேஸ்வரன், எங்கோ உல்லாசப் பயணிகளை ஏற்றித் தேய்ந்துபோன படகு ஒன்றை வாங்கிவந்து இங்கே இறக்கியிருந்தான்.

பதினொரு மணிக்கு வினோதா போய்ச் சேர்ந்தபோது காற்று இல்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. வெள்ளைப் படகு. நடுவில் ஒரு பெட்டி, அதன்மேல் கனமான மூடி. மூடிமேல் மெத்தை தைத்து இருக்கையாக்கியிருந்தார்கள். உள்ளே பழைய வான் ஒன்றின் பெட்ரோல் எஞ்சின்.

படகோட்டி ஐம்பது வயதுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றார். பெயர் ஆண்டியப்பன். மேல் டிவிசன்காரர். அவர் முகத்தில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் புரிந்தது. இடது புருவம் இல்லை. அந்த இடத்தில் தோல் பளபளவென்று சிவந்திருந்தது.

"என்னண்ணே, புருவத்துல?"

"அடுப்பு ஊதுனேன். பத்திக்கிச்சு," என்று சொல்லிவிட்டு அவர் முதலாளியைப் பார்த்தார்.

யோகேஸ்வரன் சிரித்தான். "இன்னைக்கு அண்ணனுக்கு நல்ல நாளு. மக தனுஷிகாவுக்கு நாளைக்குக் காலயில ஹட்டன் கோயில்ல தாலி கட்டு. பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் ரெண்டு மணிக்கு அங்கயிருந்து வாறாங்க. நம்ம போட்டுல, சும்மா. ஒரு சதம் வாங்கல. அதனாலதான் அவசரம்."

வினோதா மூடியைத் தூக்கினாள். வாடை முகத்தில் அறைந்தது.

"பெட்ரோல் நாறுதே முதலாளி."

"போட்டுன்னா நாறத்தானே செய்யும்."

அவள் குனிந்து பழைய பெட்டரியைப் பார்த்தாள். கட்டாமல் சும்மா வைத்திருந்தார்கள். ஆட ஆட அது நகர்ந்து எஞ்சினில் இடித்திருக்கிறது. பிளஸ் வயரின் மேல்தோல் ஒரு சாண் நீளத்துக்கு உருகி உள்ளே செம்பு கறுத்துத் தெரிந்தது. மூடியின் உட்பக்கத்தில் விரித்த கை அளவுக்குக் கரி. விரலால் தொட்டாள். கரி விரலில் ஒட்டியது. பழைய கரி இப்படி ஒட்டாது.

"இது எப்ப பத்துனது?"

"வாங்குறப்பவே இருந்திச்சு," என்றான் யோகேஸ்வரன். ஆண்டியப்பன் கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். கையில் வேலை இருந்தால் யோசனை தெளியும் என்பது அவள் வழக்கம். பழைய வயர்களைத் துண்டு துண்டாக வெட்டியெடுத்து, பழைய பெட்டரியைத் தூக்கி வெளியே வைத்தாள். மூலையில் மரத்தட்டு ஒன்றைத் திருகி, புதுப் பெட்டரியை அதில் உட்காரவைத்துப் பட்டியால் இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. வயரை அளந்து வெட்டி, முனையைச் சீவி, லக்கை மாட்டி நசுக்கினாள். பிளஸ் வயர் மெயின் சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டருக்கு. மைனஸ் வயர் எஞ்சின் உடம்புக்கு. அடியில் கிடக்கும் தண்ணீர் படாமல், புகைக்குழாயின் சூடு படாமல், அரையடிக்கு ஒரு கிளிப் போட்டு மேலே தூக்கிப் பிடித்தாள். மற்ற முனைகள் எல்லாம் பூட்டியாயிற்று. பெட்டரியின் தலையில் மாட்டுகிற இரண்டு முனைகளை மட்டும் துணி சுற்றித் தனியாக வைத்தாள். அது எப்போதும் கடைசி வேலை. அங்கேதான் பொறி வரும்.

நிமிர்ந்தபோது மறுகரையில் ஏதோ நிறம் தெரிந்தது. தேயிலைப் பச்சைக்குக் கீழே, தண்ணீர் ஓரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் மஞ்சள். சேலைகள். இன்னும் ஒரு மணிகூட ஆகவில்லை, அதற்குள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் திரும்பக் குனிந்தாள். படகின் அடியில் நாலு விரல் தண்ணீர். அதன்மேல் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாக நெளிந்தது. எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனாள். டாங்கிலிருந்து எஞ்சினுக்கு வரும் ரப்பர் குழாய். அதன் நடுவில் ஒரு கந்தலைச் சுற்றிக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். கந்தல் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது எண்ணுவதற்குள் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது.

பெட்ரோல் ஆவி மேலே போகாது. கனமானது. கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதுபோலப் படகின் அடியிலேயே தங்கி நிற்கும். மூடியைச் சாத்தினால் அங்கேயே இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே பெட்டரி, ஸ்டார்ட்டர். மூடிக்கு மேலே மெத்தை. மெத்தைமேல் ஆட்கள்.

வினோதா எழுந்து கையைத் துடைத்தாள். கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

"முதலாளி, நான் இத பூட்ட மாட்டேன். குழாய மாத்தணும். அடியில உள்ளத அள்ளிக் காயவச்சுக் கழுவணும். நான் இப்பவே ஹட்டனுக்குப் போய்க் குழாய் வாங்கியாறேன். போய் வர மட்டும் ரெண்டர மணித்தியாலம்."

"ரெண்டர மணித்தியாலமா? நாலு மணிக்கு மிஸ்ட் எறங்கிரும். அதுக்கப்புறம் கை நீட்டினா கை தெரியாது. அப்புறம் எப்படிப் பொண்ணு வாறது?"

"நாளைக்கு விடிய."

"ஆறே முக்காலுக்கு முகூர்த்தம்!" அவன் குரல் மாறியது. "தங்கச்சி, நீங்க வந்தது பெட்டரி பூட்ட. பெட்ரோல் குழாய் ஒங்க வேலையா?"

"என் கையால பூட்டுன பெட்டரியில பொறி வந்தா அது என் வேலதான்."

அவனுடைய போன் அடித்தது. கீழே சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பேசிக்கொண்டே ரோட்டில் மேலே ஏறிப்போனான். வளைவில் அவன் மறைகிறவரை ஆண்டியப்பன் காத்திருந்தார்.

"தங்கச்சி," என்றார் மெல்ல. "அடுப்பு இல்ல. செவ்வாக்கெழம சாவியத் திருப்புனேன். துப்புன்னு ஒரு சத்தம். நெருப்பு ஒரு நாக்கு வந்து முகத்த நக்கிட்டுப் போயிருச்சு. நான் தனியா இருந்தேன். ஈரச்சாக்கப் போட்டு அமத்துனேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா ஒங்க மகள ஏத்தப் போறீங்க?"

அவர் மறுகரையைப் பார்த்தார். இப்போது அங்கே பத்துப் பதினைந்து நிறங்கள். யாரோ கையை வீசினார்கள். சத்தம் தண்ணீரைத் தாண்டி வர நேரமாயிற்று. "அப்பா" என்றுதான் கேட்டது.

"மாப்பிள்ள வீடு டவுன்காரங்க. தோட்டத்துல பொண்ணெடுக்கவே யோசிச்சாங்க. தாலி கட்டுற நேரத்துக்குப் பொண்ணு வரலன்னா..." கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரே ஒரு தடவ, தங்கச்சி. பத்து நிமிஷம். அப்புறம் நானே இத ஒடச்சிப் போடுறேன்."

வயதில் மூத்த மனிதர் தன்னைக் கும்பிடுவதைப் பார்க்க அவளுக்குக் கூசியது. பூட்டிக் கொடுத்தால் என்ன? ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போகலாம். நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆகாது. நிரஞ்சனும் அந்தக் கிளிப்பை அதற்கு முன் எத்தனை நூறு தடவை இழுத்திருப்பான்?

யோகேஸ்வரன் இறங்கி வந்தான். முகம் இறுகியிருந்தது. "சரி. நீங்க பூட்ட வேணாம். வயரெல்லாம் போட்டாச்சுதானே? ரெண்டு நட்டு. அத நான் முறுக்கிக்கிறேன். ஸ்பானரக் குடுங்க."

அவன் படகில் கால் வைப்பதற்குள் வினோதா பெட்டியிலிருந்து கட்டரை எடுத்தாள். நீளக் கைப்பிடி உள்ள கட்டர். பிளஸ் வயரைப் பிடித்து ஒரே வெட்டு. மைனஸ் வயர். பிறகு பிளஸ்ஸில் இன்னொரு இடத்தில். தான் அடித்த கிளிப்புகளுக்கு இடையிலேயே சாண் சாணாக வெட்டிக்கொண்டே போனாள். நிற்கவேயில்லை.

"ஏய், என்னா செய்ற நீ!"

"என்னோட வயரு. நீங்க இன்னும் வாங்கல."

அவன் கை ஓங்கினான். அடிக்கவில்லை. ஆண்டியப்பன் நடுவில் வந்து நின்றார். அது அவளைக் காப்பாற்றவா, அல்லது கால்கள் அவரை அறியாமல் கொண்டுவந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெட்டுப்பட்ட வயரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒன் ஆட்டோவுல சார்ஜ் வயர் இருக்கும். அதையாவது குடு, அதுல மாட்டிக்கிறேன்!" என்று கத்தினான் யோகேஸ்வரன்.

வினோதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினாள். வெளியே தலையை நீட்டி, "அண்ணே! என்னைக்கு ஓட்டுனாலும் மூடியத் தொறந்து வச்சிக் காத்து பட விடுங்க. எஞ்சின் ஓடத் தொடங்குற வரைக்கும் ஒரு ஆளையும் ஏத்தாதீங்க!" என்று கத்தினாள். ஆண்டியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மறுகரை தெரிந்தது. அத்தனை நிறங்களும் அசையாமல் இந்தப் பக்கம் பார்த்து நின்றன.

பெண் வீட்டார் நடந்தே வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். நகைப் பெட்டியையும் சேலைக் கட்டையும் தலையில் வைத்துக்கொண்டு, சரிந்த மண்ணில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கடந்திருக்கிறார்கள். பெண்ணின் தாய்க்கு, விழுந்ததில் கால் பிசகிவிட்டது. தாலி கட்டு நடந்தது. ஆனால் மேல் டிவிசன் முழுக்க வினோதாவைத்தான் சபித்தது என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள்.

சனிக்கிழமையே அவள் பொலிசுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "போட்டுவ பத்து உனாத?" என்றார் சிங்களத்தில். படகு பற்றி எரிந்ததா?

"நே," என்றாள் அவள். இல்லை.

அவர் பேனாவை மூடிப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ வந்து பெட்டரியைப் பூட்டினார்கள். திங்கட்கிழமை முதல் படகு ஓடியது. செவ்வாய் ஓடியது. புதன் ஓடியது. "ஒங்க போட்டு நல்லா ஓடுதாமே!" என்று ஆட்டோக்காரர்கள் அவளைச் சீண்டினார்கள். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் பயணம் என்று தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குத் தேத்தண்ணீர் இறங்காது. ஏழு மணி தாண்டினால்தான் மூச்சு வரும். படகு ஓட ஓட, தான் செய்தது பிழையோ என்று ஒரு பக்கம் தோன்றும். சரியென்று தெரிவதற்கு என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தால் உடம்பு சில்லிட்டுப்போகும்.

படகு ஓடத் தொடங்கிய பதினோராவது நாள் பகல், கடை வாசலில் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதிதாக இருந்தது.

"வினோதாங்கிறது...?"

"நான்தான்."

"நான் தனுஷிகா. ஆண்டியப்பன் மக." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "காலயில போட்டு எரிஞ்சிருச்சு. அப்பா ஆஸ்பத்திரியில. ஒங்களக் கூட்டியாரச் சொன்னாரு."

"புள்ளைங்க...?" என்றாள் வினோதா. "வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல அக்கா. யாரும் ஏறல."

நிரஞ்சன் உள்ளேயிருந்து வந்து அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டான். "போ. கடைய நான் பாத்துக்கிறேன்," என்றான்.

வார்டில் ஆண்டியப்பனின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணியில் இருந்தன. முன்தலை முடி சுருண்டு கருகியிருந்தது. வினோதாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நீங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சேன் தங்கச்சி. தெனமும் மூடியத் தொறந்து வச்சு காத்தாட விடுவேன். ஆளுங்க மேல ரோட்டுலயே நிக்கணும். முதலாளி கத்துவாரு, ஆளுங்களும் கத்துவாங்க, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகுதுன்னு. எஞ்சின் ஓடுனப்பறந்தான் வாங்கன்னு சொல்லுவேன்." மூச்சு வாங்கினார். "இன்னைக்குச் சாவியத் திருப்புனேன். பெருஞ்சத்தம் இல்ல. அடியிலயிருந்து அப்படியே நீலமா எழும்பிச்சு. தண்ணியில குதிச்சேன். திரும்பிப் பாத்தா போட்டு முழுக்க நெருப்பு. ரோட்டுல பத்தொம்பது பேரு. அதுல ஒம்பது புள்ளைங்க, வெள்ள யூனிபோம்ல."

வினோதா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். மூடி திறந்திருந்ததால்தான் அது வெடிக்காமல் எரிந்திருக்கிறது. சாத்தியிருந்தால்? அந்த மெத்தைமேல் பிள்ளைகள் இருந்திருந்தால்?

"அதுக்கு இல்ல ஒங்களக் கூப்பிட்டது," என்றார் ஆண்டியப்பன். "முதலாளி பொலிசுல எழுதிக் குடுத்திட்டாராம். நான் பீடி பத்த வச்சேன், அதுலதான் போட்டு எரிஞ்சிச்சுன்னு. தங்கச்சி, நான் பொறந்ததுலயிருந்து பீடி குடிச்சதில்ல."

தனுஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குழாய நீங்க கண்ணால பாத்தீங்க. நான் மறைச்சது தப்புத்தான். மகள் கல்யாணம்னு மறைச்சேன். அதையும் சேத்துச் சொல்லுங்க. நான் சொன்னதா சொல்லுங்க."

அன்று பின்னேரமே வினோதா தனுஷிகாவையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். அதே மேசை. அதே மனிதர். இந்தத் தடவை அவர் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணியிலிருந்து அவள் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். பெட்ரோல் வாடை, கரி, கந்தல் சுற்றிய குழாய், சொட்டு, புருவம். சனிக்கிழமை இதே இடத்தில் வந்து சொன்னதையும் சொன்னாள். அந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. "அதையும் எழுதுங்க ஐயா," என்றாள். அவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

கையெழுத்துப் போடும்போது அவளுடைய போன் அடித்தது. யோகேஸ்வரன்.

"தங்கச்சி," என்றான். குரல் பழையபடி இனிப்பாக இருந்தது. "பழசெல்லாம் மறந்துருவோம். இன்னொரு போட்டு பேசிட்டேன். ஞாயித்துக்கெழம எறங்குது. ஒங்க கையாலயே பெட்டரி பூட்டிக் குடுங்க. ஆஸ்பத்திரிக்கு எல்லாம் போக வேணாம். அந்தாளு புத்தி கலங்கிப் பேசுறாரு."

"நான் பொலிசுல இருக்கேன் முதலாளி."

அவன் மெதுவாக, கோபமே இல்லாமல், "அப்படியா? கடை அந்த வளைவுலதானே இருக்கு? வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணு தெரியாது இல்ல?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

வெளியே மிஸ்ட் இறங்கிவிட்டிருந்தது. எதிர்க் கடைகளின் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. படிகளில் இறங்கும்போது தனுஷிகா அவளோடு ஒட்டி நடந்தாள்.

"யாருக்கா போன்ல? என்ன சொன்னாங்க?"

வினோதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பொலிஸ் வாசலைப் பார்த்தாள்.

"வா," என்றாள். "இதையும் எழுத வச்சிட்டுப் போவோம்."

இரண்டு பேரும் மறுபடி படியேறினார்கள்.